நார்தம்பர்லாந்து: அந்தக் கருங்கல்லைப் பிடித்துக்கொண்டே போங்கள்

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது: ரெடிங்கில் குடியிருக்கிறார்கள். மே மாதக் கடைசிவார விடுமுறைக்கு மதுரையிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள், இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. ஏழு வயதில் ஒரு பையன். கிராமப்புறம், கடற்கரை, பழைய கோட்டைகள் மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும், கையில் ஐந்து நாள் இருக்கிறது. எல்லோரும் லேக் டிஸ்ட்ரிக்ட், கார்ன்வால் என்கிறார்கள், நார்தம்பர்லாந்து அவ்வளவு தூரம் போவதற்குத் தகுமா என்பது கேள்வி.

தகும். நான் நியூகாசிலில் பல வருடமாக இருப்பவன், பக்கத்து மாவட்டம் என்ற பாசம் இருக்கத்தான் செய்யும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், நீங்கள் கேட்கும் மூன்றும் இவ்வளவு நெருக்கமாகவும், இவ்வளவு கூட்டமில்லாமலும் இங்கிலாந்தில் வேறு எங்கும் கிடைக்காது என்றுதான் சொல்வேன். நாட்டின் வடகோடி மாவட்டம் இது, தாண்டினால் ஸ்காட்லாந்து. இங்கிலாந்து மாவட்டங்களிலேயே மக்கள் நெருக்கம் மிகக் குறைந்ததும் இதுதான். லேக் டிஸ்ட்ரிக்டில் அந்த வாரம் கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

பெரும்பாலானவர்கள் இங்கே செய்யும் தவறு, எடின்பரோ போகிற வழியில் ஒரு நாள் இறங்கி, ஒரு கோட்டையையும் ஒரு தீவையும் பார்த்துவிட்டு ஓடுவது. அப்படிப் பார்த்தால் எல்லாம் துண்டு துண்டாகத் தெரியும். இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. ஏறக்குறைய 29.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு சுண்ணாம்புப் பாறை அடுக்குகளின் நடுவே புகுந்து, அங்கேயே இறுகிக் கருங்கல்லாகிவிட்டது. மேலே இருந்த மண்ணும் மென்பாறையும் கரைந்துபோனதும் இந்தக் கடினப் பாறை செங்குத்தான விளிம்பாக வெளியே வந்தது. வின் சில் என்று அதற்குப் பெயர். மாவட்டத்தின் தென்மேற்கில் இந்த விளிம்பின் மேல் ரோமானியர்கள் சுவர் கட்டினார்கள். வடகிழக்கில் அதே பாறை கடற்கரைக்கு வருகிறது, அதன் மேல் டன்ஸ்டன்பரோ கோட்டையும் பாம்பரோ கோட்டையும் நிற்கின்றன. அப்புறம் கடலுக்குள் இறங்கி ஃபார்ன் தீவுகளாகத் தலைகாட்டுகிறது. ஆகவே உங்கள் ஐந்து நாளையும் இந்தப் பாறையே வகுத்துக் கொடுத்துவிடும்.

முதலில் போகும் வழி. ரெடிங்கிலிருந்து மொத்தத்தையும் காரில் ஓட்டாதீர்கள், பெரியவர்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து நியூகாசிலுக்கு ரயிலில் மூன்று மணி நேரம் போல ஆகும். அங்கே வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். கார் இல்லாமலும் முடியும், நியூகாசிலிலிருந்து ஆனிக், சீஹவுசஸ், பாம்பரோ வழியாகக் கடலோர பஸ் ஓடுகிறது. ரோமானியச் சுவரை ஒட்டியும் பருவகாலத்தில் ஒரு பஸ் உண்டு, சுவர் கட்டத் தொடங்கிய ஆண்டையே எண்ணாக வைத்து ஏடி 122 என்று ஓட்டுகிறார்கள். ஆனால் இரண்டு பெரியவர்களும் ஒரு சிறுவனும் இருக்கும்போது, குளிர்காற்றில் பஸ்ஸுக்காக நிற்பது வேண்டாம். தங்குவதற்கு ஹோட்டலைவிடச் சமையலறையோடு ஒரு காட்டேஜ் எடுங்கள், சீஹவுசஸ், பெட்னெல், எம்பிள்டன் பக்கம். ஊர் ஊராக மூட்டை கட்டாமல் எல்லா இரவும் அங்கேயே தங்குங்கள். பள்ளி விடுமுறை வாரம் என்பதால் பல காட்டேஜ்கள் முழு வாரத்துக்குத்தான் கிடைக்கும், இப்போதே தேடத் தொடங்கிவிடுங்கள்.

அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் நியூகாசிலிலேயே வாங்கிவிடலாம். மேற்குப் பக்கம் வெஸ்ட் ரோடு என்று ஒரு நீண்ட சாலை, நம் நாட்டு மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கும். இந்தச் சாலையே ரோமானியச் சுவர் போன தடத்தை ஒட்டித்தான் போகிறது. கறிவேப்பிலை வாங்கிய கையோடு பென்வெல் பகுதியில் ஒரு தெருவுக்குள் திரும்பினால், சாதாரண வீடுகளுக்கு நடுவே கம்பி வேலிக்குள் ஒரு சின்ன ரோமானியக் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. அந்தெனோசிட்டிகஸ் என்ற உள்ளூர்த் தெய்வத்தின் கோயில். டிக்கெட் கிடையாது. இரண்டு பக்கமும் ஜன்னல் திரைகளும் குப்பைத் தொட்டிகளும், நடுவில் இரண்டாம் நூற்றாண்டு. பத்து நிமிடம் போதும், பார்த்துவிட்டுப் போங்கள்.

சுவருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 122இல் கட்டத் தொடங்கினார்கள். கடலிலிருந்து கடல்வரை 73 மைல். இன்று பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பிய 1745 கலகத்துக்குப் பிறகு ராணுவம் இங்கே சாலை போட்டபோது சுவரை இடித்து, அந்தக் கல்லின் மேலேயே பல மைல் தூரத்துக்குச் சாலை போட்டுவிட்டார்கள். நீங்கள் ஓட்டிப் போகும் பி6318 அதுதான். நடுப்பகுதி தப்பியதற்கு ஒரு காரணம், ஜான் கிளேட்டன் என்ற நியூகாசில் நகர அதிகாரி 19ஆம் நூற்றாண்டில் சுவர் இருந்த நிலங்களை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கிப் பாதுகாத்தது.

எல்லோரும் ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குத்தான் முதலில் அனுப்புவார்கள். அருமையான இடம், ரோமானியப் படைவீரர்களின் பொதுக் கழிப்பறை அப்படியே தெரியும், உங்கள் பையனுக்கு அதுதான் நினைவில் நிற்கும். ஆனால் கார் நிறுத்துமிடத்திலிருந்து நல்ல ஏற்றத்தில் நடக்க வேண்டும். அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் செஸ்டர்ஸ் போங்கள். வடக்கு டைன் ஆற்றங்கரையில், ஏறக்குறைய சமதரையில், குளியல் கூடத்தோடு ஒரு குதிரைப்படைக் கோட்டை. கிளேட்டன் வாழ்ந்த எஸ்டேட்டும் அதுவே, அவர் சேர்த்த கல்வெட்டுகள் அங்கே ஒரு பழைய பாணி அருங்காட்சியகத்தில் அடுக்கியிருக்கின்றன.

சுவரைப் பாறையின் மேல் பார்க்க ஆசையிருந்தால் காஃபீல்ட்ஸ். குறைந்த நடையில் கிடைக்கும் இடம் இது. கார் நிறுத்தினால் எதிரே ஒரு குளம், குளத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு செங்குத்துப் பாறை. பழைய கல்குவாரி அது. சாலைக்கு ஜல்லி போட இந்த வின் கல்லை வெட்டி எடுத்தார்கள், வெட்டி வெட்டிச் சுவரையும் சேர்த்து விழுங்கிவிட்டார்கள். பாறையின் முதுகில் ஏறிவரும் சுவர் ஒரு இடத்தில் சட்டென்று நின்றுபோகும், அதற்கப்பால் வெறும் வானம். இப்படி மீதியும் போய்விடும் என்ற பயத்தில் எழுந்த எதிர்ப்பால்தான் பழஞ்சின்னங்களைப் பாதுகாக்க 1931இல் புதிய சட்டமே வந்தது. சுவரின் பெருமை பேசும் பலகைகளை எங்கும் பார்க்கலாம். அது எவ்வளவு சுலபமாகக் காணாமல் போயிருக்கும் என்பதைக் இந்த இடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். அதனால் எனக்கு இதன் மேல் தனிப் பிரியம்.

ஸைகமோர் கேப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். சுவரின் இரு மேடுகளுக்கு நடுப்பள்ளத்தில் தனியாக நின்ற மரம், 2023 செப்டம்பரில் ஒரு இரவில் இருவர் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். 2025இல் அவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அடிமரம் துளிர்விட்டிருக்கிறது, ஆனால் போகும் பாதை செங்குத்தான ஏற்ற இறக்கம். பெரியவர்களை அதற்காக அழைத்துப் போக வேண்டாம்.

விண்டோலாண்டாவை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். சுவருக்குச் சற்றுத் தெற்கே, சுவருக்கும் முந்திய கோட்டை. காற்றுப் புகாத ஈரமண் என்பதால் தோலும் மரமும் மக்கிப்போகாமல் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கான செருப்புகளை எடுத்திருக்கிறார்கள், குழந்தைகள் போட்டதும் உண்டு. 1973இல் தபால் அட்டை அளவில், சீவிய மரத் தகடுகளில் மசியால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. கி.பி. 100 வாக்கில் கிளாடியா செவெரா என்ற பெண், கோட்டைத் தளபதியின் மனைவி லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதியது அதில் ஒன்று. கடிதத்தை வேறொருவர் எழுதியிருக்க, கடைசி வரிகளை மட்டும் செவெரா தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். பெண் கையெழுத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய லத்தீன் எழுத்துகளில் ஒன்று அது. பெரும்பாலான தகடுகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, சில இங்கேயே உண்டு. கோடையில் தன்னார்வலர்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். வேலி ஓரமாக நின்று உங்கள் பையன் கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். சில மைல் மேற்கே மாக்னா என்ற கோட்டையில் சிரியாவின் ஹமா நகரத்திலிருந்து வந்த வில்வீரர்கள் காவல் இருந்தார்கள். மதுரை வெயிலிலிருந்து வரும் உங்கள் அப்பா அந்தக் காற்றில் நிற்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், ஹமா நகரத்து ஆட்களின் பாடு அவருக்குச் சட்டென்று புரியும்.

இனிக் கடற்கரை. இங்கே உங்கள் கடிகாரத்தை ஓரமாக வைத்துவிட்டு, கடல் ஏறும், வற்றும் நேர அட்டவணையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் தார்ச்சாலை ஒரு நாளைக்கு இரண்டு முறை கடலுக்கடியில் போய்விடும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரத்தை மாவட்ட நிர்வாகம் நாள்வாரியாக வெளியிடுகிறது. அதில் ஐந்து நிமிடம்கூட இழுத்துப் பார்க்காதீர்கள். தண்ணீர் அலையாக வராது, சாலையின் தாழ்ந்த பகுதியில் சத்தமில்லாமல் பரவும். வருடா வருடம் கார்கள் மாட்டிக்கொள்கின்றன, சீஹவுசஸ் உயிர்காப்புப் படகு போய் ஆட்களை மீட்டு வருகிறது. வழியில் கால்களின் மேல் உயரமாக நிற்கும் ஒரு வெள்ளைக் கூண்டைப் பார்ப்பீர்கள், மாட்டிக்கொண்டவர்கள் ஏறி உட்கார்வதற்காக.

எல்லோரும் சாலை திறந்தவுடன் உள்ளே போய், மூடுவதற்குள் வெளியே வந்துவிடுவார்கள். நான் சொல்வது நேர்மாறு. பகலில் மூடும் நாளாகப் பார்த்து, மூடுவதற்கு முன் உள்ளே போய், மறுபடி திறக்கும்வரை தீவிலேயே இருங்கள். ஐந்து மணி நேரம் போல் ஆகும். கார்கள் வெளியேறியபின் ஊர் வேறாகிவிடும். தூரத்து மணல்திட்டில் சீல்கள் ஊளையிடுவது காதில் விழும். கி.பி. 635இல் அரசன் ஆஸ்வால்ட் அழைக்க, ஸ்காட்லாந்தின் அயோனா தீவிலிருந்து வந்த எய்டன் என்ற துறவி இங்கே மடம் அமைத்தார். லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி இங்கேதான் உருவானது, மூலம் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில். 793இல் வைக்கிங்குகள் வந்து மடத்தைச் சூறையாடினார்கள். இன்று நிற்கும் சிவந்த கல் மடாலயம் அதற்கெல்லாம் பிற்பட்டது, நார்மானியர் காலத்தது. காற்றில் அரித்து அரித்து அதன் கற்கள் தேன்கூட்டைப் போலத் துளைபட்டிருக்கும், கிட்டப்போய்ப் பாருங்கள். தீவின் சின்னக் கோட்டை நிற்பதும் அதே கருங்கல்லின் ஒரு கிளையில்தான். அதன் வாசலை ஒட்டி, பழைய மீன்பிடிப் படகுகளைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்துக் கிடங்காக்கி வைத்திருக்கிறார்கள்.

ஃபார்ன் தீவுகளுக்கு சீஹவுசஸ் துறையிலிருந்து படகு. பஃபின் என்ற கடற்பறவைகளைப் பார்க்க மே கடைசி நல்ல நேரம். ஏப்ரலில் வந்து ஜூலை இறுதிக்குள் கடலுக்குத் திரும்பிவிடும். இந்தத் தீவுகளில் சுமார் 50,000 ஜோடிகள், தரையில் வளை தோண்டி, வளைக்கு ஒரே ஒரு முட்டை. தீவில் இறங்கும் டிக்கெட்டாக எடுங்கள், வெறும் சுற்றிவரும் டிக்கெட் போதாது. இத்தீவுகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பில் உறுப்பினர் இல்லையென்றால் இறங்கும் கட்டணம் தனி. எல்லோருக்கும் தொப்பி கட்டாயம். ஆர்க்டிக் ஆலாக்கள் அண்டார்க்டிகா பக்கத்திலிருந்து பறந்துவந்து நடைபாதை ஓரத்திலேயே முட்டையிடும், பக்கத்தில் போகிறவர் தலையில் குறிவைத்துக் கொத்தும். பையன் கொண்டாடுவான், அம்மாவை மட்டும் முன்கூட்டிச் சொல்லித் தயார்ப்படுத்துங்கள். கடல் கொந்தளித்தால் படகு போகாது. அதனால் முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள், தட்டிப்போனால் அடுத்த நாள் கையில் இருக்கும்.

பாம்பரோவில் கோட்டை வெளியிலிருந்துதான் அழகு. கடற்கரை மணலில் இறங்கி வடக்கே கொஞ்சம் நடந்து திரும்பிப் பாருங்கள், கருங்கல் எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. உள்ளே இருப்பதில் பெரும்பாலானது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்ட்ராங் என்ற பீரங்கித் தொழிலதிபர் புதுப்பித்தது. அவருடைய ராத்பரி ஊர் மாளிகையான க்ராக்சைட் உலகிலேயே முதன்முதலில் நீர்மின்சாரத்தால் ஒளியேற்றிய வீடு. ஒரு மழைநாள் வந்தால் அங்கே போகலாம்.

பாம்பரோவில் நான் நேரம் செலவிடச் சொல்வது கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகத்தில். இலவசம். 1838 செப்டம்பர் 7ஆம் தேதி, விடியும் முன், ஃபார்ஃபர்ஷயர் என்ற நீராவிக் கப்பல் ஃபார்ன் பாறையில் மோதி உடைந்தது. லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கத்துக் காவலரின் மகள் கிரேஸ், வயது 22. அப்பாவும் அவளும் துடுப்புப் போட்டுப் போனார்கள். அப்பா பாறையில் குதித்து ஆட்களை ஏற்றும்வரை, அலை படகைப் பாறையில் அறைந்துவிடாமல் அவள் ஒருத்தியே பிடித்து நிறுத்தினாள். அந்தப் பாறையிலிருந்து மொத்தம் ஒன்பது பேர் மீட்கப்பட்டார்கள். அந்தப் படகே அங்கே உங்கள் முன்னால் இருக்கிறது. எவ்வளவு சின்னது, பலகை எவ்வளவு மெல்லியது என்று பார்த்தபின்தான் அந்தக் காரியம் மனதில் இறங்கும். நாடே அவளைக் கொண்டாடித் தீர்த்தது, ஓவியர்கள் வரிசையில் நின்றார்கள். நான்கே வருடத்தில் காசநோயில் இறந்துபோனாள். எதிரே தேவாலய முற்றத்தில் நினைவு மண்டபம், கப்பலில் போகிறவர்களுக்கும் தெரியும்படி எழுப்பியது.

கிராஸ்டரில் ஒரு மாலை. துறையிலிருந்து டன்ஸ்டன்பரோ கோட்டைக்குச் சாலையே கிடையாது, ஆடு மேயும் புல்வெளியில் கடலோரமாக ஒன்றேகால் மைல் நடக்க வேண்டும். சமதரைதான், பெரியவர்கள் மெதுவாக வரலாம், பாதியில் திரும்பினாலும் காட்சி நஷ்டமில்லை. லங்காஸ்டர் பிரபு தாமஸ் 1313இல் கட்டத் தொடங்கியது, அரசனை எதிர்த்து 1322இல் தலை போயிற்று. கிராஸ்டர் ஊருக்குள் ஓக் மரத்தூள் புகையில் ஹெர்ரிங் மீனைப் பதமாக்கும் புகைக்கூடம் 1856லிருந்து இருக்கிறது. கிப்பர் என்று வாங்கி, காட்டேஜில் கொஞ்சம் வெண்ணெயோடு சூடாக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் சைவர்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை: இந்தப் பக்கத்துக் கடைகள் பலவற்றில் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆனிக் கோட்டையை நான் அவசியம் என்று சொல்லமாட்டேன், டிக்கெட்டும் கூட்டமும் அதிகம். அதே ஊரில் பழைய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் பார்ட்டர் புக்ஸ் என்ற பழைய புத்தகக் கடை, மழைக்கு ஒதுங்க அருமையான இடம். கீல்டர் காட்டுப் பக்கம் நட்சத்திரம் பார்க்கப் புகழ்பெற்றது, ஆனால் மே கடைசியில் இரவு முழுதாக இருட்டவே இருட்டாது. இந்த முறை விட்டுவிடுங்கள்.

திரும்பும் நாளில் வாலிங்டன் மாளிகை. நம் ஊரோடு நேரடித் தொடர்புள்ள வீடு. 1859இல் சென்னை கவர்னராக வந்து, அங்கே பீப்பிள்ஸ் பார்க் அமைய முயற்சி எடுத்து, கல்கத்தா அரசின் புதிய வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்ததால் அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்ட சார்லஸ் ட்ரெவெல்யன், 1879இல் இந்த வீட்டுக்கு உரிமையாளரானார். அதற்கு முன் அயர்லாந்துப் பஞ்சகாலத்தில் நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவரும் அவரே, அந்தப் பெயர் அங்கே இன்றும் கசக்கும். மெக்காலே அவருடைய மைத்துனர். வீட்டின் நடுக்கூடத்தில் நார்தம்பர்லாந்து வரலாறு எட்டு பெரிய ஓவியங்களாக இருக்கிறது. ரோமானியச் சுவர் கட்டுவதும் கிரேஸ் டார்லிங் துடுப்புப் போடுவதும் அதில் உண்டு, நீங்கள் நேரில் பார்த்துவந்த இடங்களைப் பையன் தானே அடையாளம் காட்டுவான்.

துணிமணி: மே என்று நம்பிவிடாதீர்கள். பகலில் 10 முதல் 15 டிகிரி, கடற்காற்றில் அதைவிடக் குறைவாகத் தோன்றும். உள்ளே பத்து மைலில் வெயிலடிக்கும்போதே கடலோரம் மூடுபனி வந்து உட்கார்ந்துவிடும். அன்றைக்குத் திட்டத்தை மாற்றிச் சுவர்ப் பக்கம் போய்விடுங்கள். பெரியவர்களுக்குக் காதை மூடும் குல்லாவும் காற்றுத் தடுக்கும் கோட்டும் வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: லிண்டிஸ்ஃபார்ன் நேர அட்டவணையில் உங்கள் ஐந்து நாட்களையும் பார்த்துத் தீவு நாளை முடிவு செய்யுங்கள், அப்புறம் ஃபார்ன் படகு, அப்புறம்தான் காட்டேஜ். தேதிகளை எழுதி அனுப்பினால் எந்த நாள் எந்தப் பக்கம் என்று நானே பிரித்துத் தருகிறேன்.